‘சென்சரி கேட்டிங்’ தமிழில் என்ன: வாயிலா, மடையா, வடிகட்டலா?

அனுப்புநர்: உளநல மருத்துவர், காரைக்குடி
திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று, மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) கண்டவர்களின் குடும்பத்தாரை அழைத்து ஒரு கூட்டம் நடத்தவிருக்கிறோம். வருபவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்காக எட்டுப் பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு சொல்லால் வேலை நின்றுபோயிருக்கிறது.

மூளையின் அமைப்பைப் பற்றிய முற்பாதியில் சிக்கல் அதிகமில்லை. 1976-இல் இலண்டனில் ஈவ் ஜான்ஸ்டோனும் உடன் பணியாற்றியவர்களும் நெடுநாள் நோயாளிகள் 17 பேரின் மூளையைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்ளே நீர் நிறைந்திருக்கும் வெண்ட்ரிக்கிள்கள் பெருத்திருப்பதைக் காட்டியதை எழுதிவிட்டேன். 2016-இல் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் தத்தம் எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றுசேர்த்து, நோயுடையோர் 2,028 பேரையும் நோயற்றோர் 2,540 பேரையும் ஒப்பிட்டதையும், மூளையின் உட்பகுதிகளான ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, தலாமஸ் முதலியவை சராசரியில் சற்றுச் சிறுத்தும் பக்க வெண்ட்ரிக்கிள்கள் சற்றுப் பெருத்தும் இருந்ததையும் சேர்த்திருக்கிறேன். வெண்ட்ரிக்கிளுக்கு ‘நீரறை’ என்று வைத்தேன். இதயப் பாடத்தில் ‘கீழறை’ என்று படித்தவர்கள், மூளைக்கும் அதையே சொன்னால், மூளையின் அடிப்பகுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மூளையின் மின்செயல்பாட்டைப் பற்றிய பிற்பாதியில்தான் ‘சென்சரி கேட்டிங்’ குறுக்கே நிற்கிறது. ஆய்வு முறை இதுதான். ஒருவருடைய தலையில் மின்வாய்களைப் பொருத்தி, காதில் ‘டக்’ என்ற ஓர் ஒலியையும் அரை வினாடி கழித்து அதே ஒலியை இன்னொரு முறையும் கேட்கச் செய்கிறார்கள். சில வினாடிகள் இடைவெளி விட்டு இந்த இணையைப் பலமுறை ஒலிக்கவிட்டுப் பதிவுகளின் சராசரியை எடுத்தால், ஒவ்வோர் ஒலிக்கும் ஏறத்தாழ 50 மில்லிவினாடியில் ஒரு சிறு மேடு தெரிகிறது. அதற்குப் பி50 என்று பெயர். பெரும்பாலோரிடம் இரண்டாவது மேடு முதல் மேட்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இந்த இறக்கத்தைத்தான் ‘சென்சரி கேட்டிங்’ என்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களைக் குழுவாகப் பார்க்கும்போது அந்த இறக்கம் குறைவாக இருக்கிறது என்று 1982-இல் ஆட்லர், ஃப்ரீட்மன் முதலியோர் எழுதினார்கள். நோயில்லாத நெருங்கிய உறவினர் சிலரிடமும் இதே போக்கு காணப்பட்டது.

தற்காலிகமாகப் ‘புலன் வடிகட்டல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யையோ ஸ்கேனையோ பார்த்து ஒருவருக்கு இந்த நோய் உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது; வலிப்பு, கட்டி போன்ற பிற காரணங்களை விலக்கத்தான் நாங்கள் அவற்றை எடுக்கச் சொல்கிறோம். நோயுடையோர், நோயற்றோர் என்ற இரு குழுக்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிகின்றன. ஆகவே, ‘இது இருந்தால் நோய், இல்லாவிட்டால் நோயில்லை’ என்ற எண்ணத்தைத் தரும் சொல் எனக்கு வேண்டாம்.


அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மேலைச்சிவபுரி
செவ்வாய் விடியல்

மருத்துவர் அம்மையாருக்கு வணக்கம். ‘வடிகட்டல்’ காப்பிக் கடைச் சொல். அதை நீக்கிவிட்டு மேலே போவோம்.

ஆங்கிலத்தார் ‘கேட்’ என்று சொன்னதை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே வாயில் என்று சொல்லிவிட்டனர். ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற ஆறாம் குறளில் மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய பொறிகளே வாயில்கள். வாயில் என்பது இல்லினது வாய். ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி ‘வாயில்’ என நின்ற இலக்கணப்போலி. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ ஆனதும் இவ்வாறே. இது மட்டுமன்று. அகத்திணையில் தலைவனுக்காகத் தூது வருவோருக்கு வாயில்கள் என்றே பெயர். தொல்காப்பியக் கற்பியல் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவரை எண்ணுகிறது. ஊடியிருக்கும் தலைவி அவர்களை ஏற்காமல் திருப்பி அனுப்புவது வாயில் மறுத்தல். ஏற்பது வாயில் நேர்தல். அம்மையார் விளக்கிய ஆய்வில் முதலொலிக்கு மூளை வாயில் நேர்கிறது, அடுத்த ஒலிக்கு வாயில் மறுக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல்லை யார் உருவாக்கிவிட முடியும்? லகர ஈறு மகரத்தின் முன் னகரமாகத் திரியும் ஆதலின் ‘வாயின்மறுப்பு’ என்று எழுதுக.

போகிற போக்கில் இன்னொன்று. தலாமஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு உள்ளறை, மணவறை என்று பொருள். மணமான மகனுக்கு வளவில் (வீட்டின் நடுமுற்றப் பகுதியில்) ஓர் அறை ஒதுக்கித் தருகிற நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. மணநாற்றம் ஒன்றைத் தவிர மற்ற புலச்செய்திகள் யாவும் அவ்வறை வழியாகத்தான் மூளையின் மேலடுக்காகிய புறணிக்குச் செல்கின்றன என்று படித்திருக்கிறேன். ஆகவே அதற்கு ‘உள்ளறை’ என்று பெயரிட்டால் நீரறையும் உள்ளறையும் இயைந்து நிற்கும்.

‘மனச்சிதைவு’ என்ற பெயரும் எனக்கு உடன்பாடன்று. பிளவு என்ற பொருள்தந்த பழைய பெயரைச் சப்பானியர் 2002-இல் கைவிட்டனர். கொரியர் 2011-இல் ‘நரம்பின் சுருதி கூட்டுதலில் நேர்ந்த கோளாறு’ என்ற பொருளில் புதுப்பெயர் இட்டனர். யாழுக்கு நரம்பு கட்டிய நாம் சிதைவு என்கிறோம்.


அனுப்புநர்: மின்வேதியியல் அறிவியலாளர் (ஓய்வு), காரைக்குடி
செவ்வாய் முற்பகல்

பேராசிரியரின் தமிழுக்கு முன் நான் மாணவன்தான். ஆனால் அளவீட்டில் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

1924-இல் யெனா நகரத்து உளநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிந்தார். ஐந்தாண்டு தயங்கி 1929-இல்தான் வெளியிட்டார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் பி50 மேடு சில மைக்ரோவோல்ட் உயரமே இருக்கும்; டார்ச் விளக்கின் ஒரு பேட்டரி 1.5 வோல்ட் என்றால், மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் இதைவிடப் பெரிய அலை வந்துவிடும். தலையில் பதிக்கும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாயும் உப்புப் பசையும் சரியாக ஒட்டினால்தான் அலையே தெரியும். சிறுநூலில் ‘சோதனைக்கு முன் எண்ணெய் தேய்க்காமல் தலைக்குக் குளித்து வர வேண்டும்’ என்ற ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்; எந்தக் கலைச்சொல்லையும்விட அது பயன்படும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘வாயில்’ எண்முறை மின்சுற்றில் ஏற்கெனவே வழங்குகிறது. அங்கே அது திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும், இடைநிலை கிடையாது. மூளையில் அப்படி இல்லை. இரண்டாவது மேடு மறைந்துபோவதில்லை, குறைகிறது. குறையும் விகிதத்தைத்தான் அளக்கிறார்கள். அளவாகத் திறந்து அளவாக மூடுவதற்கு நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறதே, மடை! ஆற்றுப்பாசனம் அரிதான செட்டிநாட்டில் கண்மாய் மடையைப் பார்க்காமல் வளர்ந்தவர் யார்? பலகையை ஒரு சாண் தூக்கினால் ஒரு சாண் தண்ணீர். ‘புலன்மடை’ என்பது என் பரிந்துரை. மடை பழுதானால் வயலில் பயிர் மூழ்கும் என்பதை எந்தக் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை.


அனுப்புநர்: பக்க வடிவமைப்பாளர், காரைக்குடி
செவ்வாய் மதியம்

மன்னிக்க வேண்டும். நோயாளியின் வீட்டுக்குப் போகும் நூலில் ‘மடை’ என்று தலைப்பிட்டால், தெருப் பையன்கள் அதை ‘மடையன்’ ஆக்க எவ்வளவு நேரமாகும்?


அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மேலைச்சிவபுரி
செவ்வாய் மாலை

தம்பியின் அச்சம் உலகியலில் சரி, சொல்லியலில் தவறு. மடையன் என்பதற்கு இரு வேறு பிறப்புகள் உண்டு. சமைப்பவனாகிய மடையன் மடைப்பள்ளியோடு தொடர்புடையவன். அறிவிலியாகிய மடையன் மடம், மடமை என்பவற்றோடு தொடர்புடையவன். நீர் மடை இவ்விருவருக்கும் அயல். ஆயினும் ‘புலன்மடை’யை நான் ஏற்கவில்லை. மடை ஊருக்குப் பொது. வாயில் இல்லத்துக்கு உரியது. மூளை இல்லமா, ஊரா?


அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கானாடுகாத்தான்
செவ்வாய் இரவு

மூளை இல்லம்தான் என்று வைத்துக்கொண்டே பார்ப்போம், ஐயா. நம் வீடுகளுக்கு வாயில் ஒன்றா? தெருவில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்க்கோட்டில் கதவுக்குப் பின் கதவாகப் போய்க் கொல்லை வெளிச்சம் தெரிகிறது. கணக்குப் பார்க்க வந்தவர் திண்ணையோடு நிற்பார். பங்காளி வளவு வரை வருவார். இரண்டாம் கட்டுக்குப் பெண்களும் நெருங்கிய உறவும் மட்டுமே. இந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாம் ஒலியின் இறக்கத்தைப் பி50-இல் மட்டுமல்லாமல், ஏறத்தாழ 100 மில்லிவினாடியில் வரும் என்100-இலும், 200-ஐ ஒட்டி வரும் பி200-இலும் அளக்கிறார்கள். ஒன்று கவனம் திரும்புவதற்கு முந்தியது, மற்றவை கவனம் கலக்கத் தொடங்கும் கட்டங்கள் என்று கருதப்படுகின்றன. வந்த ஒலி எந்தக் கட்டுவரை போகலாம் என்பதே கேள்வி. ஆகவே ‘புலன்கட்டு’ என்று சொல்லலாமா? முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று பிரித்தும் பேசலாம். கட்டுக்குள் வைப்பது என்ற பொருளும் தானாகவே கிடைக்கிறது.


அனுப்புநர்: உளநல மருத்துவர், காரைக்குடி
புதன் காலை

கானாடுகாத்தான் நண்பரின் உவமையை நூலில் எடுத்தாள அனுமதி கேட்கிறேன். பல கட்டங்களாக நடப்பது அதில் நன்றாக விளங்குகிறது. ஆனால் ‘கட்டு’ வேண்டவே வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பலர், முதலில் செய்வினைக் கட்டு எடுக்கப் போய், தாயத்துக் கட்டி, பிறகு வந்தவர்கள். நம்மிடமிருந்து தெற்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். இந்த நோய்க்காரரின் வீட்டில் அந்தச் சொல்லை நான் கொண்டுபோய் வைக்க மாட்டேன்.

இதைத் தொட்டு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தனி மடலில் வந்த சொற்கள், புலனடக்கம், புலன்கட்டுப்பாடு, ஐந்தடக்கல். கடைசிச் சொல்லை அனுப்பியவர் ‘ஒருமையுள் ஆமைபோல்’ என்ற குறளையும் எழுதியிருந்தார். ஆமை தானாக உறுப்புகளை இழுத்துக்கொள்கிறது. ஐந்தையும் அடக்குவது ஒரு மனிதனின் ஒழுக்கம், முயற்சி, பெருமை. அதனால்தான் அது இங்கே பொருந்தாது. ஒலி காதில் விழுந்து 50 மில்லிவினாடிக்குள் நடப்பது யாருடைய முயற்சியும் அல்ல. கண்ணிமைக்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு. நோயாளிக்கு ‘புலனடக்கக் குறைவு’ என்று அச்சடித்துக் கொடுத்தால், ‘உனக்கு அடக்கம் போதாது’ என்று அவருடைய பெரியப்பா படித்துக் காட்டுவார். ‘நீ மனத்தை அடக்கினால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும் ஐயா, தலைவியின் வாயில் மறுத்தலிலும் அதே இடர்தான். அவள் வேண்டுமென்றே மறுக்கிறாள்.

பொறிவாயில் என்று சொல்ல முடியாததற்கு வேறு காரணம் இருக்கிறது. இவர்களுடைய காதில் குறையில்லை. ஒலி நன்றாகவே உள்ளே வருகிறது. வந்த பிறகு ஹிப்போகாம்பஸ், தலாமஸ், முன்மூளைப் புறணி ஆகியவை கலந்த ஒரு வலையில்தான் தணிக்கும் வேலை நடக்கிறது என்று கருதுகிறோம். இவற்றில் முதலிரண்டும் நூலின் முற்பாதியில் ‘சற்றுச் சிறுத்தவை’ என்ற பட்டியலில் வருகின்றன. ஆனால் ‘சிறுத்ததால்தான் தணியவில்லை’ என்று எழுத மாட்டேன். இரண்டையும் அப்படி நேராக முடிச்சுப்போட இடமில்லை.

நிகோட்டின் இந்த இறக்கத்தைச் சற்று நேரம் சரிசெய்கிறது என்று ஆய்வுகள் கண்டதையும் முதலில் எழுதியிருந்தேன். நேற்று நீக்கிவிட்டேன். பீடிக்கு மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

நோயின் பெயரை மாற்றுவது பற்றித் தனி இழையில் பேசுவோம், பேராசிரியர் ஐயா. இந்தக் கிழமை எனக்கு அதற்கு வலு இல்லை.


அனுப்புநர்: உளவியல் விரிவுரையாளர், தேவகோட்டை
புதன் இரவு

நானும் திங்கட்கிழமை இதே பாடத்தை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நடத்த வேண்டியிருப்பதால் கலந்துகொள்கிறேன்.

‘வடிகட்டல்’ என்பதன் மேல் எனக்குள்ள குறை, அது காப்பிக் கடைச் சொல் என்பதல்ல. வடிகட்டியும் சல்லடையும் எதைப் பிரிக்கும்? பருமன் வேறுபட்டதைப் பிரிக்கும்; தூளை நிறுத்திச் சாற்றை விடும், குருணையை விழவிட்டு அரிசியை நிறுத்தும். இங்கே முதல் ‘டக்’கும் இரண்டாவது ‘டக்’கும் உயரம், அளவு, தன்மை எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரே மாதிரியான இரண்டு அரிசியில் முதலாவதை விட்டு இரண்டாவதை நிறுத்துகிற சல்லடையை நான் பார்த்ததில்லை. இரண்டாவதற்கு நேர்வது அது எப்படிப்பட்டது என்பதால் அல்ல, முன்பே வந்த ஒன்று இருக்கிறது என்பதால். இதைச் சொல் காட்டாவிட்டால் மாணவர்கள் தேர்வில் ‘தேவையற்ற ஒலிகளை மூளை வடிகட்டுகிறது’ என்றே எழுதுவார்கள். போன ஆண்டு எழுதினார்கள்.

பேராசிரியர் ஐயா சொன்ன பன்னிருவரில் விருந்தினரும் உண்டு என்பது எனக்குப் பிடித்தது. எவ்வளவு ஊடியிருந்தாலும் விருந்து வந்தால் தலைவி கதவடைக்க மாட்டாள். இரண்டாவதாக வரும் ஒலி மாறுபட்டதாக இருந்தால் மூளையின் எதிர்வினை மீண்டும் எழுகிறது. அதை ‘உள்ளே விடுதல்’ என்று தனியாகவே அளக்கிறார்கள். விருந்துக்கு வாயில் நேர்தல் என்று வகுப்பில் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனாலும் மருத்துவர் சொன்ன மறுப்பு வலுவானது.

ஆகவே தன்வினையில் தேடினேன். அடக்கு, கட்டு, மறு, வடிகட்டு எல்லாம் ஒருவர் செய்வது. செய்பவரைத் தேடி நோயாளியிடம் வந்து நிற்கும். தமிழில் ‘தணித்தல்’ பிறவினை, ‘தணிதல்’ தன்வினை. காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிகிறது என்கிறோம். யாரும் முயன்று தணிப்பதாகப் பொருளில்லை. எதிர்வினை குறைகிறது என்ற அளவும் அதில் இருக்கிறது. ‘புலன் தணிவு’ என்று முன்மொழிகிறேன்.

கூடவே ஒரு விண்ணப்பம். ஒரே ஒலி பலமுறை வந்து நடுவில் மாறுபட்ட ஒலி ஒன்று வரும்போது, ஏறத்தாழ 100 முதல் 250 மில்லிவினாடிக்குள் தோன்றும் ‘மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி’ என்ற அலையும் மனச்சிதைவில் சிறுத்துக் காணப்படுகிறது. அதை யாரோ ‘பொருந்தா எதிர்மறை’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்க, மாணவர்கள் எதிர்மறை எண்ணங்கள் என்று படித்துக்கொள்கிறார்கள். அங்கே இருப்பது எதிர்மின் பக்கம் இறங்கும் ஒரு வளைவு மட்டுமே. இந்த இழை முடிந்ததும் அதையும் கவனியுங்கள்.


அனுப்புநர்: மின்வேதியியல் அறிவியலாளர் (ஓய்வு), காரைக்குடி
புதன் பின்னிரவு

‘புலன் தணிவு’ நன்று. மடையைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் இதற்கு என் வாக்கு.


அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மேலைச்சிவபுரி
வியாழன் விடியல்

தேவகோட்டைத் தம்பி தன்வினை, பிறவினை நோக்கிச் சொல் தேர்ந்தது கண்டு மகிழ்ந்தேன். இவ்வாறு எண்ணிப் பார்ப்போர் அருகிவிட்டனர். ஆனால் சொல்லை ஏன் பிளந்து எழுதினீர்? இது வேற்றுமைத் தொகை. பொன் என்பது தாமரையோடு புணர்ந்து பொற்றாமரை ஆவது போல, புலன் தணிவோடு புணர்ந்து ‘புலற்றணிவு’ ஆகும். இடைவெளி விட்டு எழுதினால் அது கலைச்சொல் ஆகாது, இரண்டு சொல்லாகவே நிற்கும். ‘புலற்றணிவு’ என்று எழுத ஒப்பினால் நானும் என் வாயின்மறுப்பை ஒதுக்கி வைக்க எண்ணுவேன்.


அனுப்புநர்: பக்க வடிவமைப்பாளர், காரைக்குடி
வியாழன் காலை

‘புலற்றணிவு’ என்ற தலைப்புடன் ஒரு பக்கத்தைச் சோதனைக்கு அச்சிட்டு, அச்சகத்திலிருந்த நால்வரிடம் காட்டினேன். ஒருவர் புலால் தொடர்பானது என்றார். ஒருவர் எழுத்துப்பிழை என்று திருத்திக் கொடுத்தார். மற்ற இருவர் படிக்கவில்லை.


அனுப்புநர்: பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி
வியாழன் மதியம்

டாக்டர் அம்மாவுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். இந்தக் குழுவில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவதற்காகச் சேர்ந்தவள் நான். கலைச்சொல் பற்றி எனக்குத் தெரியாது. என் இளைய மகனுக்கு இந்த நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மருந்து எடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறான். அவனைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவனும் அவனே.

நோய் மிகுந்திருந்த நாளில் அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வளவில் வாளியை வைத்தால் அந்தச் சத்தம், மின்விசிறியின் சத்தம், தெருவில் போகும் பேருந்தின் சத்தம், நான் அழைக்கும் சத்தம் எல்லாம் ஒரே அளவில் வந்து நிற்பதாகச் சொல்வான். ‘ஆத்தா, ஒரு சத்தமும் அடங்க மாட்டேங்குது’ என்பான். நாங்கள் அப்போது அவன் அடங்க மாட்டேன் என்கிறான் என்று பேசிக்கொண்டிருந்தோம். அடங்காதது சத்தம் என்று எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

தம்பி சொன்ன தணிவு நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வீடுகளில் சத்தம் தணிந்தது என்று யாரும் சொல்வதில்லை. சத்தம் அடங்கியது என்போம். மழை பெய்து ஓய்ந்தால் ஊர் அடங்கியது என்போம்.


அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கானாடுகாத்தான்
வியாழன் பிற்பகல்

ஆச்சி சொன்ன பிறகு எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அடக்குதல் வேறு, அடங்குதல் வேறு என்பதை நாங்கள் இலக்கணத்தில் தேடிக்கொண்டிருந்தபோது அது உங்கள் வளவிலேயே இருந்திருக்கிறது. ‘ஒலியடங்கல்’ என்று வைத்துவிடலாமே.


அனுப்புநர்: மின்வேதியியல் அறிவியலாளர் (ஓய்வு), காரைக்குடி
வியாழன் மாலை

கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. ‘அடங்கல்’ என்றால் எங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் பயிர்க் கணக்கு. சிட்டா, அடங்கல் என்று சேர்த்தே சொல்லிப் பழகிய ஊரில் ‘ஒலியடங்கல்’ எதற்கோ மனுப்போடும் படிவம் போல ஒலிக்கிறது. மேலும் இந்த ஆய்வு ஒலியில் நடந்தாலும் கருத்து எல்லாப் புலன்களுக்கும் பொதுவானது. ‘ஒலி’ என்று குறுக்கினால் நாளைக்கு ஒளியை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு வேறு சொல் தேட வேண்டும்.


அனுப்புநர்: உளநல மருத்துவர், காரைக்குடி
வியாழன் இரவு

இனிப் பொறுக்க நேரமில்லை. குழுவிலும் தனி மடலிலும் கருத்துச் சொன்னவர்கள் ஒன்பது பேர். ‘புலன் வடிகட்டல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றவர்கள் நால்வர்; அவர்களில் மூவர் விருப்பத்தால் அல்ல, சலிப்பால் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். ‘புலன் தணிவு’க்கு மூவர், அதில் ஒருவர் நிபந்தனையுடன். வாயிலுக்கு ஒருவர். ஆச்சி வாக்களிக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்திருக்கிறேன். பக்கத் தலைப்பில் ‘புலன் வடிகட்டல்’ இருக்கும். தேவகோட்டை நண்பரின் சல்லடை மறுப்புக்கு என்னிடம் விடை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தலைப்புக்குக் கீழே கலைச்சொல் எதுவும் வராது. ‘ஒரே சத்தம் அடுத்தடுத்து வந்தால், பலருக்கு இரண்டாவது சத்தம் மூளையில் தானாக அடங்கிவிடும். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு அது அந்த அளவுக்கு அடங்காமல் நிற்கும். இதை அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. மனத்தை அடக்கினால் சரியாகிவிடுவதும் இல்லை. இது எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்காது.’ இவ்வளவுதான். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் அடுத்த பத்தியில் வருகின்றன. எண்ணெய் தேய்க்காமல் வரச் சொல்லும் வரி தடித்த எழுத்தில் இருக்கிறது. தலாமஸ் தலாமஸாகவே இருக்கிறது. உள்ளறை என்றால் நீரறையோடு குழம்பும்.

ஆச்சி, உங்கள் மகனின் வாக்கியத்தைப் பெயர் குறிப்பிடாமல் பின்னட்டையில் போட அவருடைய ஒப்புதல் வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் சொன்னால் போதும். இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன்.


அனுப்புநர்: பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி
வெள்ளி காலை, 8.40

போடலாம் என்கிறான். ‘மாட்டேங்குது’ என்பதை ‘மாட்டேன் என்கிறது’ என்று திருத்திவிடக் கூடாதாம்.


அனுப்புநர்: உளவியல் விரிவுரையாளர், தேவகோட்டை
வெள்ளி முற்பகல்

வகுப்பில் நான் ‘புலன் தணிவு’ என்றே நடத்துவேன். சிறுநூலில் வேறு சொல் வருகிறது என்று மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். ‘மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி’ பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லையே?


அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மேலைச்சிவபுரி
வெள்ளி மாலை

ஆச்சியின் மகன் சொன்னது சரி, அதைத் திருத்தலாகாது. மற்றபடி என் கருத்து மாறவில்லை. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது என்று அறிகிறேன். எனக்கு ஐந்து படிகள் அனுப்பி வையுங்கள். ஐந்திலும் தலைப்பைப் பேனாவால் திருத்திக்கொள்வேன். அம்மையார் கேட்டுக்கொண்டதற்காக, ‘வாயின்மறுப்பு’ என்று எழுதாமல் ‘புலற்றணிவு’ என்று எழுதுவேன்.